பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடேறுகிறதா? காரணத்தைத் தேடிச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கார் சூடேறத் தொடங்கியதும் பெரும்பாலோர் எடுக்கும் வழி ஒன்றுதான். முதலில் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வை, மாற்றுவார்கள். அடங்கவில்லையா, வாட்டர் பம்ப். அதற்கும் அடங்கவில்லையா, பெரிய ரேடியேட்டர். நானும் இந்த வரிசையில்தான் போனேன். என் காரில் ஊருக்குள் எவ்வளவு நேரம் நின்றாலும் முள் நடுவிலேயே இருக்கும். நெடுஞ்சாலையில் 20 நிமிடம் ஓடினால் மெல்ல ஏறத் தொடங்கும். மூன்று பாகங்களும் புதிதாக வந்த பிறகும் அதே கதைதான். கடைசியில் பானெட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு நின்று பார்த்தேன். 3,500 ஆர்பிஎம்மைத் தொட்டதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாக ஒட்டிக்கொண்டது. உள்ளே இருக்க வேண்டிய கம்பிச்சுருள் துருவில் கரைந்து போயிருந்தது. பம்ப்புக்குத் தண்ணீரே போகவில்லை.

"வேகமாகப் போகும்போது மட்டும்" என்பதைக் கார் முதல் நாளே சொல்லிவிட்டது. அதைக் கேட்டிருந்தால் ஒரு ஹோஸோடு முடிந்திருக்கும். இந்த வழிகாட்டியின் அடிப்படை அதுதான்: எப்போது சூடேறுகிறது என்று பாருங்கள், அளந்து உறுதி செய்யுங்கள், அதற்குப் பிறகே பாகத்தைக் கழற்றுங்கள்.

சூடு வருவதும் போவதும்

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை, இன்ஜினுக்குள் சுற்றும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் சுமக்கிறது. அதாவது 100 குதிரைத்திறன் தரும் இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை, சுமார் 75 கிலோவாட்டை, ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும். வீட்டுத் தண்ணீர் ஹீட்டர்கள் இருபது, முப்பதை ஒன்றாகச் சேர்த்ததற்குச் சமம். ஸ்போர்ட்ஸ் காரில் இந்த வேலையைச் செய்யும் ரேடியேட்டர், தாழ்ந்த மூக்குக்குள் குறுகலான ஒரு வாய்க்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். புதிதாக இருந்தபோதே கூடுதல் இடைவெளி விட்டு வடிவமைத்த அமைப்பு இல்லை இது. 30, 40 ஆண்டு கழித்து ஒவ்வொரு பாகமும் பத்து சதவீதம் தளர்ந்திருந்தால்கூட, எதுவுமே "பழுது" இல்லாமலே கார் சூடேறும். பல பழைய கார்களில் ஒரே ஒரு குற்றவாளி கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

சூடேறுவது வேறு, கொதிப்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அடைத்து அழுத்தம் ஏற்றினால் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கொதிநிலை சுமார் 1.4 டிகிரி உயரும். 15 பிஎஸ்ஐ வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரேடியேட்டர் மூடி போட்ட காரில் தண்ணீரே 120 டிகிரி வரை தாங்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் சுமார் 129 வரை தாங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து 5 பிஎஸ்ஐயிலேயே திறந்தால், வெறும் தண்ணீரோடு 110 டிகிரியில் அமைதியாக ஓட வேண்டிய கார் கொதித்துக் கொட்டிவிடும். இன்ஜின் அதிகமாகச் சூடேறவே இல்லை, மூடிதான் தோற்றுவிட்டது.

தொடுவதற்கு முன்

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய நொடியில் உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகி, கொதிக்கும் தண்ணீரோடு பொங்கி முகத்துக்கு வரும். மேல் ஹோஸைப் பிசைந்தால் மெத்தென்று இருக்கும்வரை காத்திருங்கள். அப்புறமும் தடித்த துணி போட்டு, முதல் படி வரை மட்டும் திருப்பி, சீற்றம் அடங்கியதும் முழுதாகத் திறங்கள். மின்சார ஃபேன் சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுழலத் தொடங்கும், கை வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். நாயும் பூனையும் விரும்பி நக்கும், சின்ன அளவே உயிரைப் பறிக்கும். சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள், வடித்ததை மூடி போட்ட கேனில் வையுங்கள்.

முதல் படி: முள் சொல்வது உண்மையா?

இன்ஜின் நன்றாக இருக்க, மீட்டர் பொய் சொன்ன கார்கள் ஏராளம். 1960கள், 70களின் பல பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் வெப்ப மீட்டருக்கும் பெட்ரோல் மீட்டருக்கும் சேர்த்து 10 வோல்ட் தரும் ஒரு சிறிய ஸ்டெபிலைசர் இருக்கும். அது பழுதானாலோ அதன் எர்த் விட்டுப்போனாலோ இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். டேங்க்கில் பாதிதான் இருக்கிறது, ஆனால் மீட்டர் நிறைந்திருப்பதாகக் காட்டுகிறது, கூடவே கார் "சூடேறுகிறது" என்றால் ரேடியேட்டர் பக்கமே போக வேண்டாம். அடுத்து வெப்பத்தை அளந்து சொல்லும் சென்டரைப் பாருங்கள். அது தன் திருகு வழியாகத்தான் எர்த் பிடிக்கிறது. யாராவது டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி இறுக்கியிருந்தால் அளவு தவறும்.

1990களின் கார்களில் இதற்கு நேர்மாறான சிக்கல். ஓட்டுபவர் பதறக்கூடாது என்று, முள் ஒரு பெரிய வெப்ப வரம்பு முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி செய்து வைத்தார்கள். முள் அசையத் தொடங்கும்போது விஷயம் கைமீறும் நிலையில் இருக்கும். அத்தகைய காரில் எண்கள் காட்டும் தனி மீட்டர் ஒன்றைப் பொருத்துவது நான் முதலில் செய்யச் சொல்லும் மேம்பாடு.

உறுதி செய்ய இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் அது மிகக் குறைத்துச் சொல்லும். தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளங்கள். தெர்மோஸ்டாட்டில் அச்சிட்ட எண், அதாவது அது திறக்கும் வெப்பம், 82 டிகிரி என்றால் ஓட்டத்தில் 82 முதல் 95 வரை வந்து போவது இயல்பு. நெரிசலில் 100ஐத் தொட்டு, ஃபேன் சுழன்றதும் இறங்குவதும் பல கார்களில் இயல்புதான். இறங்காமல் ஏறிக்கொண்டே போவதுதான் நோய்.

இரண்டாம் படி: எப்போது?

ஒரு வாரம் காரைக் கவனித்து எழுதி வையுங்கள். வேகம், ஆர்பிஎம், ஏசி ஓடியதா, ஏற்றமா, எத்தனை நிமிடத்தில் ஏறியது. பெரும்பாலான நேரம் இந்தத் தாளிலேயே பதில் இருக்கும்.

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? காற்றோட்டக் குறை. ஃபேன், அதன் கிளட்ச், ரிலே, ஃபேனைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் கூடான ஷ்ரவுட், இவற்றில் ஒன்று.

நிற்கும்போது நன்றாக இருந்து, வேகத்தில் ஏறுகிறதா? கூலன்ட் போதுமான அளவு ஓடவில்லை அல்லது ரேடியேட்டரின் திறன் போய்விட்டது. உள்ளே அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், சப்பையாகும் கீழ் ஹோஸ். காற்றை வழிநடத்தும் அடித்தட்டு இல்லாமல் போனதும் இந்தப் பட்டியலில் வரும். இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், பின்தங்கியிருந்தாலும் இப்படித்தான்.

எல்லா நேரமும், மிதமான ஓட்டத்திலேயே ஏறுகிறதா? கூலன்ட் குறைவு, உள்ளே சிக்கிய காற்று, பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகுகிறதா? தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, ஆனால் அழுத்தம் வந்துவிட்டது. சிலிண்டருக்குள் இருக்கும் வாயுதான் வருகிறது. நேராக ஒன்பதாம் படிக்குப் போங்கள்.

நிறுத்திய பிறகு முள் ஏறுகிறதா? ஓட்டம் நின்றதும், சிலிண்டர்களை மேலே மூடும் பாகமான ஹெட்டில் தேங்கிய சூடு தண்ணீருக்கு வருவது இயற்கை. கொட்டாமல் இருந்தால் கவலை வேண்டாம். கொட்டினால் மூடியைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் படி: குளிர்ந்த காரில் கண்ணால் பார்ப்பது

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வி. ஹோஸ் முனைகளிலும் பம்ப்பின் அடியிலும் வெள்ளை அல்லது பச்சை உப்புத் தடம் இருக்கிறதா? பம்ப்பின் கீழே சின்னதாக ஒரு கசிவுத் துளை இருக்கும். அங்கே ஈரம் என்றால் உள்ளே சீல் போய்விட்டது, பம்ப்பை மாற்றத்தான் வேண்டும். காருக்குள் இனிப்பு வாசனை, கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போன்ற மூட்டம், கால் மிதியடியில் ஈரம், இந்த மூன்றில் எது இருந்தாலும், கூலன்ட்டின் சூட்டால் காருக்குள் வெதுவெதுப்பான காற்று தரும் ஹீட்டர் ஒழுகுகிறது.

கூலன்ட் செம்பழுப்பாக இருந்தால் உள்ளே துரு ஓடுகிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் நல்லதில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருப்பதைப் பார்த்ததும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று சிலர் பயமுறுத்துவார்கள். குறுகிய தூரமே ஓடும் காரில் ஈரப்பதம் ஆயிலோடு கலந்தும் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிசையுங்கள். நல்ல ஹோஸ் உறுதியாக, ஆனால் வளைந்து கொடுக்கும். மெத்தென்று ஊதியிருந்தாலும், விறைத்து நொறுநொறுவென்று ஒலித்தாலும் ஆயுள் முடிந்தது. 20 ஆண்டு பழைய ஹோஸை "இன்னும் கிழியவில்லையே" என்று விட்டு வைக்காதீர்கள். முழு செட்டையும் மாற்றுங்கள். கீழ் ஹோஸ் வாங்கும்போது உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: அழுத்தச் சோதனை

கைப்பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டரை மூடிக்குப் பதிலாகப் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அளவுவரை அழுத்தம் ஏற்றுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள், பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று பிளந்துகொள்ளும். 15 நிமிடம் முள் அசையாமல் நின்றால் வெளியே ஒழுகல் இல்லை. இறங்கினால் விளக்கடித்துத் தேடுங்கள். எங்கும் ஈரம் தெரியாமல் அழுத்தம் மட்டும் இறங்குகிறதென்றால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் பாருங்கள். மூடியையும் அதே டெஸ்டரில் தனியாகச் சோதியுங்கள். உங்கள் காருக்கு எத்தனை பிஎஸ்ஐ மூடி என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். 7 பிஎஸ்ஐக்கு வடிவமைத்த பழைய காரில் 15 போட்டால் கொதிப்பு நிற்கலாம், ஆனால் ஹீட்டர் வெடிக்கலாம்.

ஐந்தாம் படி: காற்று

ஸ்போர்ட்ஸ் காரில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். ரேடியேட்டரின் நெருக்கமான துடுப்புகளுக்குள் நுழைவதைவிட, பக்கவாட்டில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அதன் வழியே போய்விடும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்த இடைவெளிகளில் ரப்பர் பட்டையும் ஃபோமும் இருந்தன. இத்தனை ஆண்டுகளில் அவை பொடியாகி உதிர்ந்திருக்கும், அல்லது முன்பக்கம் அடிபட்டு வேலை செய்தவர் திரும்பப் போட மறந்திருப்பார். மூக்கின் வாயில் நுழையும் காற்று அனைத்தும் ரேடியேட்டர் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும் என்பதை நினைவில் வைத்து, மேலும் கீழும் இருபுறமும் ஃபோம் வைத்து அடையுங்கள். பல கார்களில் இதுவே ஐந்தாறு டிகிரி இறக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடித்தட்டு இன்னும் முக்கியம். 1990களின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற கார்களில் முன்பக்க அடித்தட்டு சேற்றைத் தடுக்க மட்டும் வைத்ததில்லை. அதுதான் ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துக் காற்றை இழுக்கிறது. ஆயில் மாற்றும்போது கழற்றி மூலையில் சாய்த்து வைத்துவிட்டால் வேகத்தில் சூடேறும். அப்புறம் அழகுக்காகக் கிரில்லின் முன் பொருத்திய பெரிய விளக்குகளும், நடுவாயை மறைக்கும் நம்பர் பிளேட்டும். அவற்றை ஒரு நாள் கழற்றி வைத்து ஓட்டிப் பாருங்கள்.

ஏசி உள்ள காரில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இலையும் தூசியும் கம்பளி போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டையும் சற்றே விலக்கி, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். வேகமான பீய்ச்சல் துடுப்புகளை மடக்கிவிடும்.

இனி ஃபேன். இன்ஜினோடு சுழலும் ஃபேனில் விஸ்கஸ் கிளட்ச் (சூடானால் மட்டும் ஃபேனை இறுகப் பிடிக்கும் இணைப்பு) இருந்தால், குளிர்ந்த நிலையில் கையால் சுற்றும்போது லேசாக ஓடும். நன்கு சூடான பிறகு இன்ஜினை நிறுத்திச் சுற்றினால் பிடித்து இழுக்க வேண்டும். சூட்டிலும் வழுக்கிக்கொண்டு ஓடினாலோ, கிளட்ச்சின் முகத்தில் எண்ணெய்க் கோடுகள் தெறித்திருந்தாலோ அது முடிந்தது. மின்சார ஃபேன் என்றால் ரேடியேட்டரில் இருக்கும் வெப்ப சுவிட்சின் இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் பழுது. ஓடவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, எர்த் என்று வரிசையாகப் போங்கள். ஓடுகிறது, ஆனால் சோர்வாக ஓடுகிறது என்றால் ஃபேன் முனையில் வோல்ட் அளங்கள். பேட்டரியில் 14 இருந்து ஃபேனில் 11தான் வருகிறதென்றால் பழைய வயரும் எர்த்தும் மீதியைத் தின்றுகொண்டிருக்கின்றன.

புதிதாக ஃபேன் மாற்றிய காரில் சுழலும் திசையைப் பாருங்கள். வயர் மாறிப்போனால் முன்னால் வரும் காற்றோடு அது மோதும். சோதனை எளிது: இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க, ஃபேன் ஓடும்போது கிரில்லின் முன் ஒரு தாளைப் பிடியுங்கள். இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும்தான் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா இருக்கும்.

ஆறாம் படி: ஓட்டம்

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஒரு பாத்திரமும் தெர்மாமீட்டரும் போதும். தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அச்சிட்ட எண்ணுக்கு ஓரிரு டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி, அதிலிருந்து 10 முதல் 15 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். பாதியில் நின்றாலோ, சாய்ந்து திறந்தாலோ மாற்றிவிடுங்கள். திரும்பப் போடும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்கட்டும். விளிம்பில் ஆடும் சிறிய ஊசி உச்சியில் வர வேண்டும், காற்று தப்பிக்கும் வழி அது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தவிர்த்து இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். குளிர வைக்கப் போய்ச் சூட்டைக் கூட்டிக்கொள்வோம்.

பம்ப்பில் சத்தமும் ஒழுகலும் இல்லை என்பதால் அது நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இறக்கைகள் துருவில் கரைந்திருக்கலாம். 1990களின் சில பிஎம்டபிள்யூ கார்களில் பிளாஸ்டிக் இம்பெல்லர் வெடித்து, தண்டு மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் ரேடியேட்டரின் வாயில் தண்ணீர் சுழன்று ஓடுவது தெரிய வேண்டும், ஆர்பிஎம்மைக் கூட்டினால் ஓட்டமும் கூட வேண்டும். பெல்ட்டின் நீண்ட பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் தாழ்வது சரியான இறுக்கம்.

பம்ப்பை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பது காருக்குக் கார் மாறும். 1962இல் வந்த லோட்டஸ் எலானின் இன்ஜினில் பம்ப் டைமிங் கூட்டுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. அதை எடுக்க இன்ஜினின் பாதியைப் பிரிக்க வேண்டும். போர்ஷே 944இல் பம்ப்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப் இறுகினால் பெல்ட் அறும், வால்வுகள் பிஸ்டனில் மோதும். அந்தக் காரில் பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றுவதுதான் அறிவுடைமை. டிரையம்ப் ஸ்டாக்கின் வி8 இன்ஜினில் பம்ப் மிக உயரத்தில் இருப்பதால், கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலே முதலில் வறண்டுபோவது பம்ப்தான். ஆகவே அத்தகைய காரில் வாரம் ஒருமுறை அளவு பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ரேடியேட்டர்

கார் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் முகம் முழுவதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நகர்த்துங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை வெப்பம் சீராக இறங்கி வர வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டமே இல்லை, அடைத்துவிட்டன. கடின நீர் விட்டு விட்டு உள்ளே படிந்த சுண்ணாம்பும் துருவும்தான் அது.

பித்தளை, செம்பு ரேடியேட்டர் என்றால் மேல், கீழ் டேங்க்கைப் பிரித்து ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய முடியும். புதிய கோர் வைத்தும் தருவார்கள். பழைய காரின் தோற்றத்தைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டர் பழுப்பேறி இருந்தால் சுத்தம் செய்வதில் பயனில்லை. அந்த நிறமே பிளாஸ்டிக் நொறுங்கத் தயாராகிவிட்டதன் அடையாளம். மாற்றுங்கள்.

ஒழுகலை அடைக்கும் பொடி, திரவம் எதையும் ஊற்றாதீர்கள். ஒழுகும் ஓட்டையை அடைக்கும் அதே பொருள், ரேடியேட்டரின் குறுகிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும். அடுத்த ஆண்டு சூடேறப்போகும் காரை இன்றே உருவாக்குவது அது.

எட்டாம் படி: இன்ஜினே அதிகச் சூட்டை உண்டாக்குகிறதா?

கூலிங் பாகங்கள் அத்தனையும் நன்றாக இருந்தும் சூடேறினால் இக்னிஷன் பக்கம் திரும்புங்கள். டைமிங் பின்தங்கியிருந்தால் எரிதல் தாமதமாகி, வேலையாக மாற வேண்டிய ஆற்றல் சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட் வழிக்கும் போகும். டிஸ்டிரிபியூட்டரில், இன்ஜினின் உறிஞ்சலால் பொறியை முன்கூட்டி விடவைக்கும் வேக்வம் அட்வான்ஸின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் குறைந்த ஆக்சிலேட்டரில் இதுவே நடக்கும். வாயால் உறிஞ்சிப் பாருங்கள், பிடித்து நிற்க வேண்டும். 1970களின் புகைக் கட்டுப்பாட்டுக்காகச் சில கார்களில் ஐட்லிங்கில் வேக்வம் அட்வான்ஸ் கிடைக்காதபடியே செய்தார்கள். அந்தக் கார்கள் நெரிசலில் சூடேறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் சூடு கூடும். பிளக்கின் முனை சாம்பல் கலந்த பழுப்பாக இல்லாமல் வெளிறி வெள்ளையாக இருந்தால், கார்புரேட்டர் ஜெட் அடைப்பு, ஃப்ளோட் அளவு, இன்டேக்கில் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: ஹெட் கேஸ்கெட்

யாரும் வர விரும்பாத படி இது. ஆனால் சந்தேகத்தோடு மாதக்கணக்கில் ஓட்டுவதைவிடச் சோதித்து அறிவது மேல். ரேடியேட்டரின் வாயில் வைத்து உறிஞ்சும் நீலத் திரவச் சோதனை மலிவானது. சிலிண்டரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்ஸைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். இன்ஜின் நன்கு சூடானபின், கூலன்ட்டின் அளவைச் சற்றுக் குறைத்து வைத்துச் செய்யுங்கள். திரவத்துக்குள் கூலன்ட் போய்விட்டால் முடிவு செல்லாது. இன்னும் உறுதியாகத் தெரிய லீக்-டவுன் சோதனை: ஒவ்வொரு சிலிண்டருக்கும் அழுத்தக் காற்றைச் செலுத்தும்போது ரேடியேட்டரில் குமிழி வந்தால், எந்தச் சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும்.

அலுமினியம் சூட்டில் விரிவது வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் வைத்த இன்ஜின் ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே ஹெட் வளைவது இதனால்தான். கழற்றியதும் நேர்கோல் வைத்து, ஃபீலர் கேஜால் நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் அளங்கள். பல ஹெட்களுக்கு வரம்பு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும், உங்கள் மேனுவலின் எண்ணே இறுதி. புதிய கேஸ்கெட்டை வளைந்த ஹெட்டின் மேல் இறுக்கினால் சில மாதங்களில் திரும்பவும் இதே இடத்தில் நிற்பீர்கள்.

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜினில் ஹெட்டே இல்லை. அங்கே கூட்டுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் சீல்கள்தான் தண்ணீரைத் தடுக்கின்றன. ஒரே ஒரு கடுமையான சூடேற்றம் அவற்றைக் கருக்கிவிடும், பிறகு இன்ஜினை முழுதாகப் பிரித்தாக வேண்டும். ரோட்டரி ஓட்டுபவர் முள் அசைந்த உடனே நிறுத்த வேண்டும், "அடுத்த வளைவு வரை" என்ற பேச்சுக்கே இடமில்லை. 1998 வரை வந்த போர்ஷே 911 போன்ற காற்றுக் குளிர்ச்சி இன்ஜின்களுக்குக் கூலன்ட் கிடையாது. அங்கே ஆயில்தான் சூட்டைச் சுமக்கிறது. ஃபேன் பெல்ட், ஆயில் கூலர், ஆயில் தெர்மோஸ்டாட் என்று அதன் தேடல் தனி.

பத்தாம் படி: கழுவி, நிரப்பி, காற்றை வெளியேற்றுதல்

எந்தப் பாகத்தை மாற்றினாலும் இந்தப் படியைச் சரியாகச் செய்யாவிட்டால் உழைப்பு வீண். பழைய கூலன்ட்டை வடித்து, ரேடியேட்டரையும் இன்ஜினையும் தனித்தனியாக, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுத் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் திருகைத் திறக்க மறக்க வேண்டாம், அடியில் தேங்கும் சேறு அங்கேதான் வெளிவரும். நிரப்புவது காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும், பாதிக்குப் பாதி. வெறும் தண்ணீர் சூட்டை இன்னும் நன்றாகச் சுமக்கும் என்பது உண்மைதான். ஆனால் துருவைத் தடுக்கும் சத்து அதில் இல்லை, கொதிநிலையும் குறையும். கூலன்ட் அளவைக் கூட்டினால் கூடக் குளிரும் என்பதும் தவறு, சூடு சுமக்கும் திறன் குறையத்தான் செய்யும். பித்தளை ரேடியேட்டரும் ஈயப் பற்றும் உள்ள பழைய காருக்கு, சிலிக்கேட் சேர்ந்த பழைய முறைக் கூலன்ட்டே பாதுகாப்பு. வேறு வகைகளைக் கலக்காதீர்கள். கலந்தால் சில வகைகள் கூழாகத் திரியும்.

அப்புறம் காற்று. காரின் மூக்கை உயர்த்தி, ஊற்றும் வாய் மொத்த அமைப்பிலும் உயரமான இடமாக வரும்படி செய்யுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், அப்போதுதான் அதன் வழி திறக்கும். மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைப் பிசைந்து, ப்ளீட் ஸ்க்ரூவைக் குமிழி இல்லாத தண்ணீர் வரும்வரை திறந்து வையுங்கள். மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று இறங்கும், நிரப்பி மூடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று சீராக வருகிறதா என்பது நல்ல சாட்சி. கூலன்ட் நிறைந்திருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே ஏர் லாக் இருக்கிறது.

இன்ஜின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கும் டொயோட்டா எம்ஆர்2, ஃபியட் எக்ஸ்1/9 போன்ற கார்களில் இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும். காரின் நீளம் முழுக்க ஓடும் குழாய்களில் காற்று எங்கு வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளும். மேனுவல் சொல்லும் வரிசையை விட்டு விலகாதீர்கள், முடிந்தால் வேக்வம் வைத்து நிரப்பும் கருவியை இரவல் வாங்குங்கள். போன்டியாக் ஃபியரோவில் இன்னொரு சிக்கல் உண்டு: தவறான இடத்தில் ஜாக் வைத்து அடியில் ஓடும் குழாயை நசுக்கியிருப்பார்கள். படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. குறுக்காக வைக்க வடிவமைத்த இன்ஜினை நேராகத் திருப்பியபோது, தண்ணீர் வெளியேறும் வழியை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். அதனால் பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். டர்போ போட்டோ, டிராக்கிலோ ஓட்டுபவர்கள் வெளியேறும் வழியைப் பின்பக்கத்துக்கு மாற்றுவது பலன் தரும் வேலை.

ஓட்டிப் பார்ப்பது

முதல் நாள் நெடுந்தூரம் கிளம்பாதீர்கள். நின்ற இடத்திலேயே ஃபேன் இரண்டு முறை சுழன்று நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் ஊருக்குள், பிறகு முன்பு எந்த நிலையில் சூடேறியதோ அதே வேகம், அதே ஏற்றம். எண்களைப் பழைய தாளின் பக்கத்திலேயே எழுதுங்கள். வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். கொதிக்கவில்லையென்றால் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஃபேன் இறக்குகிறதா என்று பாருங்கள். ஆவி வந்தாலோ கூலன்ட் கொட்டினாலோ உடனே நிறுத்துங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

மறுநாள் காலை, குளிர்ந்த நிலையில் அளவைப் பார்த்து நிரப்புங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், மிச்சக் காற்று வெளியேறிய இடம் அது. ஹோஸ் கிளிப்புகளை இன்னொரு கால் திருப்பு இறுக்குங்கள், புது ரப்பர் முதல் சூட்டில் அமுங்கியிருக்கும். மூன்றாம் நாள் காலையிலும் அளவு வைத்த கோட்டிலேயே நின்றால் நீண்ட பயணத்துக்குக் கிளம்பலாம்.